1918 சவரன்: உருக்கு விலையா, காசு விலையா?

கேள்வி, ஜனவரி 7, 2024 (கீழக்கரை வாசகர்)

உம்மாவின் காசுமாலையைப் பிரித்தோம். ஒரு காசில் 1918 என்று இருக்கிறது, ஆண்டுக்கு மேலே பொடியாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. இது பல லட்சம் போகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். கடைவீதியில் கேட்டால், "காசாவது கீசாவது, எல்லாமே உருக்கு விலைதான்" என்கிறார்கள். பழைய பவுன் காசு எல்லாம் ஒன்றுதானா?

ஜனவரி 7, இரவு

ஒன்றல்ல. உருக்கு விலை என்றால் காசை உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலை மட்டும். ஆனால் யூடியூப்காரர் சொல்வதும் நடக்காது.

அந்த 'ஐ' பம்பாய் நாணயசாலையின் அடையாளம். பழைய சவரன்களில் பம்பாயில் அடித்தது 1918 ஒரே ஆண்டுதான். முதல் உலகப்போர் நேரத்தில் அங்கே இங்கிலாந்து அரசு நாணயசாலையான ராயல் மின்ட்டின் கிளை ஒன்றைத் திறந்தார்கள், அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். ஒரே ஆண்டு என்பதால் சேகரிப்பவர்களுக்கு இதன்மேல் ஒரு கண் உண்டு. ஆனால் அடித்தது ஏறத்தாழ 13 லட்சம் காசு. அவ்வளவு அடித்த காசு கிடைக்காத பொருளாகிவிடாது. நல்ல நிலையில் இருந்தால் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். தங்க விலையைப் பல மடங்காக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு உங்கள் கேள்வியில் உறுத்துவது ஆண்டு அல்ல. "மாலையைப் பிரித்தோம்" என்கிறீர்களே, அதுதான். வளையம் பற்றவைத்த காசா, காசைச் சுற்றிக் கொக்கியால் பிடிக்கும் சட்டம் போட்டுக் கோத்த காசா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஜனவரி 8

பற்றவைத்த காசை எப்படி அறிவது என்று பலர் கேட்டதால் விரிவாக.

ராமநாதபுரத்தில் அப்பா பட்டறை வைத்திருந்தார். நான் நகை மதிப்பீடு பார்க்கிறேன். மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்த ஊரிலிருந்து பவுன் காசு வந்தாலும், அது பெரும்பாலும் யாரோ ஒருவர் கழுத்தில் கிடந்த காசாகத்தான் இருக்கிறது. இங்கே காசைப் பெட்டியில் வைத்து அழகு பார்த்தவர்கள் குறைவு. கொழும்புக்குப் போனவர், பர்மாவுக்குப் போனவர், பின்னாளில் குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர், எல்லோரும் கொண்டுவந்து மனைவிக்கோ மகளுக்கோ நகையில் சேர்த்தார்கள். சேர்த்த ஆசாரி காசின் உச்சியில் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதி, வளையத்தைப் பற்றவைத்தார். நகைக்கு அது சரியான வேலை. காசுக்கு அதோடு சேகரிப்பு மதிப்பு போய்விட்டது.

எப்படிப் பார்ப்பது: காசைக் கையில் வைத்து, ராஜாவின் தலை நேராக நிற்கும்படி பிடியுங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் விளிம்பைப் பாருங்கள். சவரனின் விளிம்பில் சுற்றிலும் மெல்லிய பல்வரி ஓடும். பற்றவைத்த இடத்தில் அந்த வரி நிரம்பி மொழுக்கென்று இருக்கும், அல்லது அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரியும். முகப்பைச் சாய்த்து வெயிலில் காட்டினால் பொடி உருகி வழிந்த இடம் நிறம் மாறிப் படர்ந்திருக்கும். சில காசில் உச்சி எழுத்துகளே மங்கியிருக்கும். சட்டம் போட்டுக் கோத்ததில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் சட்டத்தின் கொக்கி அழுத்திய தடங்கள் நான்கு பக்கமும் இருக்கலாம்.

ஜனவரி 9

கீழக்கரை வாசகரின் படம் வந்தது. உச்சியில் பற்று தெளிவாகத் தெரிகிறது, அரம் போட்டிருக்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் காசின் மற்ற பகுதி நன்றாக இருக்கிறது. கடைக்காரர் சொன்னது இந்தக் காசுக்குப் பொருந்தும். எல்லாக் காசுக்கும் பொருந்தாது.

மாலையில் மற்ற காசுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே மாலையில் ஒரு காசு மாத்திரம் பிந்திச் சேர்த்ததாக, பற்றில்லாமல் சட்டத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 11

சவரன் காசு தராசில் 8 கிராம் காட்டவில்லை, கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உச்சிப்புளி வாசகர் எழுதியதில் ஒரு திருத்தம். கடையில் "ஒரு சவரன்" என்றால் 8 கிராம். காசாக அடித்த சவரன் 7.988 கிராம். 22 காரட் என்பதால் உள்ளே இருக்கும் சொக்கத்தங்கம் 7.32 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டர். ஆகவே தராசில் 7.98 காட்டினால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டை போட வேண்டாம், அதுதான் அதன் பிறவி எடை. 8.30 காட்டினால்தான் யோசிக்க வேண்டும்: வளையம் இன்னும் ஒட்டியிருக்கிறது, அல்லது பொடி ஏறியிருக்கிறது. பொடியில் மாற்று குறைவு, உருக்கும்போது டச் (தங்கத்தின் தூய்மை அளவு) இறங்கும். அந்தக் கூடுதல் எடைக்கு 22 காரட் விலை கேட்பது நியாயமில்லை, தரவும் மாட்டார்கள்.

கீழே எவ்வளவு போகலாம்? ஆங்கிலேயர் காலத்துச் சட்டமே ஒரு எல்லை வைத்திருந்தது. 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்த சவரன் செல்லுபடியாகாது. அதாவது 50 மில்லிகிராம் தேய்மானம்தான் பொறுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த எண் எனக்கு உதவுகிறது. 7.93-க்கு மேல் இருந்தால் காசு அதிகம் கை மாறவில்லை. 7.85 என்றால் நிறையத் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ விளிம்பைச் சுரண்டியிருக்கிறார்கள். பல்வரி ஒரு பக்கம் மட்டும் ஆழம் குறைந்திருந்தால் சுரண்டல்தான்.

ஜனவரி 13

வீட்டிலேயே தங்கமா இல்லையா என்று பார்க்க ஒரு வழி கேட்கிறார்கள். உரைகல் வேண்டாம். நகைக்கு உரைப்பது வேறு, காசின் விளிம்பை உரைத்தால் அந்தத் தடம் என்றைக்கும் போகாது. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதில் பித்தளைகூடத் தேறிவிடும்.

தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். ஒரு தம்ளரில் முக்கால் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. நல்ல சவரனுக்கு 0.45 காட்டும். 7.98-ஐ 0.45-ஆல் வகுத்தால் 17.7, அதுதான் 22 காரட்டின் அடர்த்தி. அதே எடையில் பித்தளையாக இருந்தால் 0.94 பக்கம் காட்டும், வெள்ளியில் முலாம் பூசியது 0.76. குழப்பத்துக்கே இடமில்லை. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், நூலை லேசாக ஆட்டிக் குமிழியை விடுவியுங்கள்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சின்னக் காசுக்கு இது ஆகாது. மூன்றரை கிராம் எடையுள்ள வெனிஸ் நகரத்துப் பழைய தங்கக் காசு விலக்குவது 0.18 கிராம் தண்ணீர். தராசு ஒரு புள்ளி முன்னே பின்னே போனாலே அடர்த்தி 18.4 முதல் 20.5 வரை எங்கு வேண்டுமானாலும் வரும். வீரராயன் பணம் என்ற பொடித் தங்கக் காசு கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், அதைத் தண்ணீரில் விடுவதே வீண்.

கடையில் இருக்கும் எக்ஸ்ரே டச் மெஷினையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. அது பார்ப்பது மேற்பரப்பில் சில மைக்ரான். கனமான முலாம் அதை ஏமாற்றும். மெஷினும் தண்ணீரும் ஒத்துப்போனால் நம்பலாம்.

ஜனவரி 14

போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது காசை மட்டும் விட்டுவிடுங்கள். புளி, பூந்திக்கொட்டை, சபீனா, பற்பசை, எதுவும் வேண்டாம். நிறைய பேர் அழுக்கு என்று நினைப்பது உண்மையில் காசின் வயது. சும்மா கிடந்த காசில் எழுத்துக்கும் முகத்துக்கும் இடையே மெல்லிய செம்மை படியும். தேர்ந்த கண் அதைத்தான் தேடும். பிரஷ் போட்ட காசில் மயிரிழைக் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும், லென்சில் பார்த்தால் உடனே தெரியும்.

ஜனவரி 16

பெரியபட்டினத்திலிருந்து ஒரு அம்மா காசு கொண்டுவந்தார். விக்டோரியா ராணி, முக்காடு போட்ட வயதான முகம். அது 1893 முதல் 1901 வரை வந்தது. பற்று இல்லை. எடை 7.98. என் கண்ணுக்கு அது எவ்வளவோ நாளுக்கப்புறம் வந்த அருமையான காசு. ஆனால் முந்தின நாள் ஒரு கடையில் "பார்த்துத் தருகிறோம்" என்று வாங்கி பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி போலப் பளபளப்பு, ராணியின் முக்காட்டு மடிப்பு பாதி இல்லை. அவருக்கு அது அழகாகத் தெரிகிறது. நான் என்ன சொல்ல. "பத்திரமா வைங்கம்மா, தங்கம் எங்கேயும் போகல" என்றேன். அது உண்மைதான். ஆனால் நூறு ஆண்டு தப்பித்து வந்த ஒன்று பத்து நிமிடத்தில் போனது மனசை விட்டு நீங்கவில்லை.

கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: காசை பாலிஷ் மோட்டாரில் காட்டுவதற்கு முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜனவரி 17

தேய்மானத்தை எங்கே பார்ப்பது? உயரமான இடத்தில். ஐந்தாம் ஜார்ஜ் காசில் கன்னம், மீசை, காதுக்கு மேல் முடி. மறுபக்கம் குதிரைமேல் இருப்பவரின் தொடை, தலைக்கவசம், குதிரையின் நெஞ்சு. இந்த இடங்களில் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் சேகரிப்பவர்கள் இ.எஃப். (மிக நல்ல நிலை) என்பார்கள். கோடுகள் சேர்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தால் வி.எஃப். (அதற்கு அடுத்த நிலை). யூ.என்.சி. (புழங்காத புதுக்காசு) என்ற பேச்சே நம் பக்கத்துக் காசுக்கு அநேகமாக எழாது. வி.எஃப். நிலையில் இருக்கும் சாதாரண ஆண்டுச் சவரனுக்கு உருக்கு விலைதான் உண்மையான விலை, அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 19

தேவிபட்டினம் வாசகரின் "730 வருடப் பழைய அரபுக் காசு" படத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். அது துருக்கிக் காசு, அதில் உள்ள 1293 ஹிஜ்ரி ஆண்டு. துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டத்துக்கு வந்த ஆண்டு அது, அதாவது 1876. அவர் ஆட்சியில் அடித்த எல்லாக் காசிலும் அதே 1293 தான் இருக்கும். உண்மையில் எந்த ஆண்டு அடித்தது என்று தெரிய, மறுபக்கம் சுழித்து எழுதிய சுல்தானின் கையொப்பத்துக்குக் கீழே ஒரு சின்ன எண் இருக்கும், அதை 1876-உடன் கூட்டி ஒன்று கழியுங்கள். 1327 என்று இருந்தால் அவருக்குப் பின் வந்தவர் காலம்.

ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த காசாக இருக்கலாம். கடலோர வீடுகளில் இது அரிதல்ல. நூறு குருஷ் (துருக்கிப் பணம்) காசு 7.216 கிராம், இதுவும் 22 காரட்தான். சவரனுக்கும் இதற்கும் முக்கால் கிராம் வித்தியாசம். சவரன் கணக்கில் வாங்கினவர்களும் விற்றவர்களும் உண்டு, தராசில் வைக்காமல் எதையும் பேசாதீர்கள்.

ஜனவரி 20

போலி பற்றி.

ஒன்று, நகைக்கடையே அடித்த காசு. ராஜா முகம் இருக்கும், எழுத்து பாதி கோணலாக இருக்கும், எடை ஒன்றோ இரண்டோ நாலோ கிராம். இது ஏமாற்று வேலை அல்ல, காசுமாலைக்கு என்றே செய்தது. மாற்றைப் பார்த்துத் தங்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, கள்ள அச்சு. 1950, 60-களில் பெய்ரூட் பக்கம் நல்ல தங்கத்திலேயே சவரன் அடித்தார்கள். வளைகுடா வழியாக இங்கே வந்ததில் இவையும் கலந்திருக்கும். எடை சரி, தண்ணீரில் சரி, டச் சரி. முகத்தில்தான் குறை: எழுத்துகளின் ஓரம் கூர்மையில்லாமல் சோப்புக்கட்டி போல வழுக்கும், பல்வரி ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரு சின்னச் சோதனை: ஜார்ஜ் தலையை நிமிர்த்திப் பிடித்து, புத்தகப் பக்கம் போல இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். குதிரையும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் சந்தேகப்படுங்கள். தங்க விலையில் நஷ்டம் வராது, காசு விலை கொடுத்து வாங்கினால்தான் நஷ்டம்.

மூன்று, ராமேஸ்வரத்திலும் எங்கும் கைமாறும் "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818" காசு. அனுமார் படமோ ராமர் பட்டாபிஷேகமோ போட்டு, 'ஒரு அணா' என்று எழுதியிருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அது பித்தளை. அதற்காக நிலத்தை அடகு வைக்கலாமா என்று போனில் கேட்டவரை நினைத்து எழுதுகிறேன்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஜனவரி 21

நேற்று விட்டது. 1918-லேயே பம்பாயில் அடித்த இன்னொரு தங்கக் காசு உண்டு. மறுபக்கம் குதிரை இருக்காது, '15 ரூபாய்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். எடையும் அளவும் சவரனேதான். கடையில் இதைச் சவரன் கணக்கில் போட்டுவிடுவார்கள். சேகரிப்பவர்கள் இதற்குச் சவரனைவிடக் கூடுதலாகத் தருவார்கள். மாலையில் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ஜனவரி 27

தொண்டி நண்பர் அனுப்பிய படம் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது. மெலிசான, விரல் நகம் போல வளையும் காசு. ஒரு பக்கம் முழங்கால் போட்ட ஒருவர், நடுவில் நீளமான கொம்பு. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது பனையேறும் ஆளாகத் தெரிந்தது, அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அது வெனிஸ் நகரத்துக் காசு. முழங்கால் போட்டிருப்பவர் அந்த நகரத்துத் தலைவர், நிற்பவர் புனித மாற்கு, கொம்பு என்பது கொடிக்கம்பம். மறுபக்கம் நட்சத்திரங்கள் சூழ ஏசு.

1284-இல் தொடங்கி 1797 வரை இந்தப் படத்தை மாற்றவே இல்லை. எடை 3.49 கிராம், கிட்டத்தட்டச் சொக்கத்தங்கம். காசில் ஆண்டு கிடையாது, வலப்பக்கம் எழுதியிருக்கும் தலைவரின் பெயரை வைத்துத்தான் காலம் சொல்ல முடியும். எழுத்து படிக்கும்படி இல்லாமல் கோடும் புள்ளியுமாக இருந்தால் அது நம் நாட்டில் யாரோ பார்த்து அடித்த நகல். நகலில் எடையும் மாற்றும் குறையும். ஆனாலும் அதை உருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. நகலைத் தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் காசில் எழுத்து படிக்க வருகிறது. எடை போட்டு எழுதுங்கள்.

ஜனவரி 28

"குறுக்கே வெட்டுப்பட்ட காசு என்றால் மதிப்பு போச்சுதானே?" என்று ஒருவர். பெரும்பாலும் ஆமாம். ஆனால் ரோமானியப் பொற்காசில் அப்படிச் சொல்ல முடியாது. 1898-இல் நமக்கு வடக்கே புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசு ஒரே புதையலாகக் கிடைத்தது. அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அரசன் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. அந்தக் காலத்திலேயே வேண்டுமென்று போட்ட வெட்டு. அந்த வெட்டு இங்கே அந்தக் காசு எப்படி நடத்தப்பட்டது என்பதற்குச் சாட்சி. அதை நிரவிச் சரிசெய்ய ஆசாரியிடம் கொடுத்தால் அது பெரிய பாவம்.

நம் அழகன்குளத்தில் 1986 முதல் பல முறை அகழாய்வு நடந்திருக்கிறது. அங்கே வந்த ரோமானியக் காசுகள் செம்பு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக் காட்சியகத்தில் அழகன்குளத்துப் பொருள்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். உண்மையான பழங்காசின் தேய்மானத்தைக் கண்ணால் ஒரு முறை பார்த்தால் போலி தானாகப் பிடிபடும்.

பிப்ரவரி 2

மண்ணில் கிடைத்த காசு பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு, பொதுவிலேயே பதில். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கு போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தெரிவித்து, உரியவர் யாரும் இல்லை என்று ஆனால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். பழமைக்கு விலை கிடையாது என்பது எனக்கும் குறையாகத்தான் படுகிறது. அதற்காக இரவோடு இரவாக உருக்கிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். உருக்கினால் எங்கே, எந்த மண்ணில், எதனோடு கிடைத்தது என்ற செய்தியும் சேர்ந்து உருகிவிடும்.

இன்னொன்று. நூறு ஆண்டு கடந்த காசு சட்டப்படி தொல்பொருள். துபாயில் நல்ல விலை கிடைக்கும் என்று பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. 1918 காசும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது.

பிப்ரவரி 4

கீழக்கரை வாசகருக்கு எழுதியதை மறுபடி யோசித்தேன். பற்று வைத்த காசு உருக்கு விலை என்றேன், அது விற்கும் விலை. உருக்கித்தான் ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. அவசரம் இல்லையென்றால் மாலையை மாலையாகவே திரும்பக் கோத்து வையுங்கள். பழைய வேலைப்பாடுள்ள காசுமாலைக்கு என்று தனி மதிப்பு உண்டு, தனித்தனிக் காசாகப் பிரித்தபின் அது இல்லை. அவசரம் என்றால் பற்றுள்ளதை முதலில் விற்றுவிட்டு, பற்றில்லாததைக் கடைசி வரை வைத்திருங்கள்.

பிப்ரவரி 5

அவர் பதில் போட்டிருக்கிறார். மாலையில் மேலும் இரண்டு 1918 இருக்கிறதாம், ஒன்று சட்டத்தில், பற்றில்லை. 7.97 கிராம். தண்ணீரில் 0.45. அந்தச் சட்டத்தை நீங்களே நெம்பி எடுக்காதீர்கள், கத்தி வழுக்கினால் ஜார்ஜின் கன்னத்தில்தான் விழும். நம்பிக்கையான ஆசாரியிடம் கூட இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் காட்டக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 11

தொண்டிக் காசின் எடை 3.46 வந்திருக்கிறது. நல்ல செய்தி, அநேகமாக அசல். எழுத்தைத் தெளிவாகப் படமெடுங்கள்: ஜன்னல் ஓரம், காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி, ஃப்ளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் விளிம்பும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், பி.வி.சி. உறையிலும் வேண்டாம். காகித உறையில் எடையையும் யார் கொடுத்தது என்பதையும் பென்சிலால் எழுதி, எழுதிய பிறகு காசை உள்ளே போடுங்கள்.